ஊசிக்கு அடங்காதது

கிருமி சாகவில்லை. கண்ணால் பார்த்த பிறகும் பெரியவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

வட்டத் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். தட்டில் பழுப்பு நிறத்தில் உறைந்த கூழ். சூடுபடுத்திய இரத்தம் கலந்து செய்வது. பார்க்கச் சாக்லேட் மாதிரி இருப்பதால் அதற்குச் சாக்லேட் அகார் என்றே பெயர். வேலைக்குப் புதிதாக வருகிற எல்லாரும் முதல் நாள் அந்தப் பெயரை வைத்து ஏதாவது ஜோக் அடிப்பார்கள். உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்ததும் கப்சிப்பென்று ஆகிவிடுவார்கள். அந்தக் கூழின் மேல் வெட்டை நோய் எனப்படும் கொனோரியாக் கிருமியைப் பரப்பி, நடுவில் மருந்து பூசிய மெல்லிய பட்டை ஒன்றை வைத்து, வெதுவெதுப்பான பெட்டிக்குள் ஓர் இரவு விட்டுவிட வேண்டும். மறுநாள் பட்டையைச் சுற்றிக் கிருமி செத்த இடம் நீள்வட்டமாக வெறிச்சோடிக் கிடக்கும். வட்டம் பெரிதாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அவள் கையில் இருந்த தட்டில் அப்படி ஒரு வட்டமே இல்லை என்று சொல்லிவிடலாம். கிருமி பட்டையை உரசிக்கொண்டு, கூசாமல், மருந்து அதிகமாக இருக்கும் மேல் நுனி வரை கிட்டத்தட்ட வளர்ந்திருந்தது.

வீட்டில்தான் அவள் பெரியவள். ஆய்வகத்தில் அவளைத் தட்டுக்காரி என்பார்கள். ஊரில் இருக்கும் பால்வினை நோய் கிளினிக்கில் எடுக்கும் மாதிரிகள் எல்லாம் அவளிடம்தான் வரும். குழாயின் மேல் பெயர் இருக்காது. ஒரு எண், வயது, ஆணா பெண்ணா என்பது, அவ்வளவுதான். எந்த மருந்து கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பார்த்து அவள் எழுதி அனுப்புவது தலைநகருக்குப் போகும், அங்கிருந்து கடல் தாண்டியும் போகும். நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் நாடே அந்த மருந்தைக் கைவிட வேண்டும். அப்படித்தான் பென்சிலின் போயிற்று. அதற்குப் பின்னால் வந்த மாத்திரைகளும் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. இப்போது எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பது ஒரே ஓர் ஊசியை. அந்த ஊசி மருந்துதான் இந்தப் பட்டையில் இருந்தது.

முதலில் அவள் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். பட்டையை மாற்றி வைத்துவிட்டோமா? வேறு ஏதாவது கிருமி கலந்துவிட்டதா? தலைமை ஆய்வாளரிடம் தட்டைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் எதற்கும் பதறாத மனிதர். தீப்பிடித்தால்கூட முதலில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் பார்ப்பார் என்று அவருக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். அன்றைக்கும் கண்ணாடியைத் துடைத்தார். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் செய்யுங்கள், மருந்துக்குச் சாகிற நல்ல கிருமி ஒன்றையும் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்ததைப் பெரியவள் கவனித்தாள்.

மறுபடியும் செய்தாள். புதுப் பட்டை, புதுத் தட்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்த நல்ல கிருமி ஒழுங்காகச் செத்துக் கிடந்தது. இது மட்டும் முன்பு போலவே வளர்ந்து நின்றது.

கிளினிக் டாக்டரம்மாவுக்குத் தலைமை ஆய்வாளரே போன் செய்தார். அந்தக் கிளினிக் ஒரு பல் மருத்துவருக்கு மேல் மாடியில் இருந்தது. ஏறுகிறவர்களில் பாதிப்பேர் பல்வலிக்காரர்கள் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள் என்று டாக்டரம்மா சிரிப்பார். அன்று அவர் சிரிக்கவில்லை. அந்த எண்ணுக்குரிய ஆள் ஊசி போட்டுக்கொண்டு போனவர்தான், மறு பரிசோதனைக்கு வரச் சொல்லியும் வரவில்லை, கொடுத்த போன் எண் அணைந்தே கிடக்கிறது என்றார். தன்னோடு யாரும் இல்லை, தனி ஆள் என்று சொல்லியிருந்தாராம்.

பெரியவள் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்குள் எங்கோ ஒருவன் அந்தக் கிருமியைச் சுமந்துகொண்டு, குணமாகிவிட்டது என்ற நினைப்பில் நடமாடுகிறான். அவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் ஆசைப்பட்டதும் இல்லை. இத்தனை வருடத்தில் அவள் மனசார மதித்தது மாதிரி யாருடையது என்று தெரிந்துகொள்ளக் கூடாது என்ற அந்த ஒரு சட்டத்தைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனாள். சின்னவளுக்கு இதுதான் முதல் பிரசவம். நாள் நெருங்க நெருங்கக் கால் இரண்டும் வீங்கிப்போய், கணவனின் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் டப்டப்பென்று நடந்தாள். இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஓய்வெடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓய்வெடுக்கிற ஜென்மமா அவள்? அலமாரியை ஒழித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். பெரிய கட்டிடங்களுக்கு லிஃப்ட் பொருத்துவது அவர் வேலை. மாதக்கணக்கில் வெளிநாட்டில் தங்கி வேலையை முடித்துவிட்டு, கொஞ்ச நாள் முன்னால்தான் திரும்பியிருந்தார். வந்த புதிதில் அவர் பெரியவளிடம் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் கேட்டிருந்தார். கூட வேலை செய்கிற ஒரு ஃப்ரெண்டுக்குச் சிறுநீர் போகும்போது எரிகிறது, சீழ் மாதிரி வருகிறது, என்ன செய்யலாம் என்று. அவளும் இதற்கெல்லாம் வெட்கப்படக் கூடாது என்று சொல்லி, பல் மருத்துவருக்கு மேலே இருக்கும் கிளினிக்குக்கு வழி சொல்லி அனுப்பியிருந்தாள். ஆண்கள் ஃப்ரெண்டுக்காகக் கேட்பது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் இவர் விஷயத்தில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. சொந்த வீட்டு மனிதர் என்றால் கண் அப்படித்தான் மறைத்துவிடுகிறது.

இப்போது அவளைப் பார்த்ததும் அவர் குழாயை மூடினார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"அக்கா, அந்த ஃப்ரெண்டு விஷயம். ஊசி போட்டும் சரியாகலையாம். முதல்ல கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சாம். இப்பத் திரும்பவும் அதே எரிச்சல். வேற மாத்திரை ஏதாச்சும் இருக்கா?"

ஊரில் அந்த ஊசிக்கு அடங்காத கிருமி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவள் கையாலேயே அதை உறைபெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாள்.

"உங்க ஃப்ரெண்டுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டாள்.

அவர் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த வண்டிக் கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

"ஆயிடுச்சு."

"வீட்ல தெரியுமா?"

"அவங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் இருக்காங்க."

பெண்களுக்குப் பெரும்பாலும் வெளியே எதுவும் தெரியாது, நன்றாக இருப்பது போலத்தான் இருக்கும், உள்ளே இருந்துகொண்டே இருக்கும் என்று பெரியவள் சொன்னாள். தன் குரல் இவ்வளவு நிதானமாக வருவது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினால் இன்னும் மோசமாகும், உங்கள் ஃப்ரெண்டு நாளைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும், மனைவியையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றாள். அவர் தலையாட்டினார். முகத்தில் ஈயாடவில்லை.

உள்ளேயிருந்து சின்னவள் குரல் கொடுத்தாள். "ரெண்டு பேரும் அங்க என்ன ரகசியம் பேசுறீங்க? எனக்குத் தெரியாம ஏதாச்சும் வாங்கப் போறீங்களா?"

"ஆமா, உனக்கு அளவான செருப்பு" என்று அவர் சத்தமாகச் சொன்னார். சின்னவள் சிரித்தாள். பெரியவளும் ஒப்புக்குச் சிரித்து வைத்தாள்.

மறுநாள் காலை முழுக்க அவள் ஆய்வக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளினிக் பெட்டி வந்தது. புதுக் குழாய்கள் இருந்தன. எதுவும் மாப்பிள்ளையின் வயதோடு ஒத்துப்போகவில்லை. அப்படித் தேடியதே தப்பு என்பது தேடி முடித்த பிறகுதான் உறைத்தது. மூடியை மூடி வைத்துவிட்டு டாக்டரம்மாவைப் பார்க்கக் கிளம்பினாள்.

மாடிப்படி ஏறும்போது, எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று புரியாமல் தவித்தாள். உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டாக்டரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். அந்த எண்ணுக்குரியவர் யாரென்று அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடைசியில் மேஜை மேல் இருந்த, மாதிரிகள் அனுப்பும் ஐஸ் பெட்டியைக் காட்டினார்.

"இதுல வந்தது என்னோடது. அதைப் பத்தி நீங்க வெளிய ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா நாளைக்கு இந்தப் படியில யாரும் ஏற மாட்டாங்க. ஆனா உங்க வீட்டு வாசல்ல வச்சு ஒருத்தர் உங்ககிட்ட சொன்னது உங்களோடது. அதை என்ன பண்றதுன்னு நான் சொல்ல முடியாது."

முதலில் அவரே மனைவியிடம் சொல்லும்படி செய்யப் பாருங்கள் என்றார். தானும் அந்த எண்ணுக்கு விடாமல் முயற்சி செய்வதாகச் சொன்னார். பிறகு, ஒரு டாக்டராகக் குழந்தையைப் பற்றிச் சொன்னார். அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. கேட்டுக்கொண்டு பெரியவள் நேரே மாப்பிள்ளையின் வேலை இடத்துக்குப் போனாள்.

மாப்பிள்ளை வேலை செய்த கட்டிடம் பாதி எழும்பி நின்றது. லிஃப்ட் வரப்போகிற இடம் கீழிருந்து மேல் வரை இருட்டான கிணறு மாதிரித் திறந்து கிடந்தது. அவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே தொங்கியபடி எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். பெரியவளைக் கண்டதும் கையில் இருந்த ஸ்பானர் நழுவிக் கீழே போயிற்று. அது விழுந்த சத்தம் வந்து சேர வெகுநேரம் பிடித்தது போல இருந்தது.

மேலே ஏறி வந்தவர், ஃப்ரெண்டு இன்னும் போகவில்லை, வேலை அதிகம் என்று ஆரம்பித்தார்.

"நான் ஃப்ரெண்டைப் பத்திப் பேச வரல, மாப்பிள்ளை."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அங்கே கிடந்த பலகைக் குவியலில் உட்கார்ந்தார். பிறகு அவர் பேச ஆரம்பித்தபோது அழுகையும் கோபமும் கலந்து வந்தது. வெளிநாட்டில் ஒரே ஒரு தடவை என்றார். பிறகு, ஒரு தடவை இல்லை என்றார். தான் கெட்டவன் இல்லை என்றார். பெரியவள் அங்கே நியாயம் பேசப் போகவில்லை.

"அவளுக்கு பி.பி. ஏறுதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. இப்பப் போய் இதைச் சொன்னா என்ன ஆகும்? குழந்தை பொறக்கட்டும், அக்கா. அப்புறம் நானே சொல்றேன். கால்ல விழுந்து சொல்றேன்."

"குழந்தை வர்ற வழியிலதான் அது இருக்கு."

அவர் புரியாமல் பார்த்தார். பெரியவள் ஒளிக்காமல் சொன்னாள். பிறக்கும்போதே குழந்தையின் கண்ணில் அந்தக் கிருமி ஏறிவிடும், சில நாளிலேயே சீழ் பிடித்துப் பார்வையே போய்விடலாம். வழக்கமாக அதற்கு ஓர் ஊசி போடுவார்கள். அதே ஊசிதான் அவருக்கும் போட்டது. "அது உங்களுக்குக் கேக்கலைன்னு நீங்கதான் சொன்னீங்க" என்றாள். அந்த வார்த்தையை அவள் வழி நெடுகத் தேடி எடுத்து வைத்திருந்தாள். தட்டைப் பற்றி ஒரு சொல்கூட அவள் வாயில் வரவில்லை.

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். இன்று ராத்திரி சொல்லிவிடுகிறேன் என்றார். நிச்சயமாகவா என்று கேட்டாள். நிச்சயமாக என்றார்.

அன்று ராத்திரி பெரியவளின் போன் அடிக்கவில்லை. விடிந்ததும் அடித்தது. சின்னவளுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது, நாள் இன்னும் இருக்கும்போதே வலி வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மாப்பிள்ளை மூச்சிரைக்கச் சொன்னார். சொன்னீர்களா என்று அவள் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

ஆட்டோவில் போகும்போதே தலைமை ஆய்வாளரைக் கூப்பிட்டாள். முந்தின நாள் மாலையில் அவள் அந்தக் கிருமிக்கு எதிராக வேறு மருந்துப் பட்டைகளை எல்லாம் வரிசையாக வைத்துவிட்டு வந்திருந்தாள். எதற்காவது கேட்கிறதா என்று பார்த்து டாக்டரம்மாவுக்கு உடனே சொல்லுங்கள் என்றாள். காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது போல இருந்தது. போனில் அதெல்லாம் கேட்காது என்று அவளுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளை பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவள் கேட்கும் முன்னாலேயே தலையை ஆட்டினார், இல்லை என்று.

"சாப்பிட்டுட்டு இருந்தா. ஏதோ சொல்லிச் சிரிச்சிட்டு இருந்தா. என்னால முடியலக்கா."

"இப்ப முடியணும்."

"அந்த வலியில போய் எப்படி..."

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் எழுந்தார். நர்ஸிடம் பெரியவள், கணவர் ஒரு நிமிஷம் பேச வேண்டும் என்று சொன்னாள். நர்ஸ் முறைத்தாள். உள்ளே விட்டாள்.

சின்னவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. வலி ஒன்று வந்து போயிருந்தது போலும், முகம் வெளுத்திருந்தது. இருவரையும் சேர்த்துப் பார்த்ததும், என்ன, குழந்தைக்கு ஏதாவதா என்றுதான் முதலில் கேட்டாள்.

மாப்பிள்ளை கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டார். மென்று விழுங்கிப் பேசினார். தனக்கு ஒரு இன்ஃபெக்‌ஷன் வந்திருக்கிறது, சிறுநீர் போகிற இடத்தில், அது அவளுக்கும் ஒட்டியிருக்கலாம், குழந்தைக்காக இப்போதே ஒரு டெஸ்ட் எடுத்துவிட்டால் நல்லது என்றார். இவ்வளவு தூரம் வந்துவிட்டார் என்று பெரியவள் நினைக்கும்போதே அவர் தொடர்ந்தார். "அந்த சைட்ல பாத்ரூம் அவ்வளவு அசிங்கமா இருக்கும். அங்கேருந்து வந்திருக்கும்."

சின்னவள் அவரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தாள்.

"அக்கா, அது அப்படி வருமா?"

அறையில் ஏதோ ஒரு கருவி மட்டும் குழந்தையின் இதயத் துடிப்பைத் தடதடவென்று ஒலித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் கண்கள் பெரியவள் மேல் இருந்தன. வரும் என்று ஒரு சொல் சொன்னால் போதும். டெஸ்ட் எடுத்துவிடுவார்கள், மருந்து கொடுத்துவிடுவார்கள், குழந்தை தப்பிக்கும், இந்த வீடும் தப்பிக்கும். யாருக்கு என்ன நஷ்டம்? அந்த ஒரு கணத்தில் அவளுக்கு அது எவ்வளவு சுலபமாகத் தெரிந்தது என்பதை நினைத்தால் பின்னாளிலும் அவளுக்கு உடம்பு கூசும். ஆனால் கேட்டவள் இதைத் தவிர வேறு எதையும் அக்காவிடம் கேட்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில்தான் அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிக் கேட்டிருக்கிறாள்.

"வராது" என்றாள் பெரியவள்.

சின்னவளுக்கு அடுத்த வலி எழுந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெரியவள் கையை நீட்டினாள், அவள் அதைத் தொடவில்லை. வலி தணியும் வரை மற்ற இருவரும் அப்படியே நின்றார்கள்.

"உனக்குத் தெரியுமா?" என்று சின்னவள் கேட்டாள். அக்காவிடம்தான்.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"ஞாயித்துக்கிழமையிலிருந்து."

சின்னவள் கண்ணை மூடித் திறந்தாள். "சரி. குழந்தைக்கு என்ன பண்ணணுமோ அதைச் சொல்லு. இவரை வெளிய போகச் சொல்லு."

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. மாதிரி எடுத்தார்கள். பிரசவ டாக்டர் வழக்கமான ஊசியை எழுதப் போனார். பெரியவள் அந்த ஊசி கேட்காது, கிளினிக்கோடு ஒரு வார்த்தை பேசிவிடுங்கள் என்று கெஞ்சினாள். அவருக்குக் கோபம் வந்தது. யார் நீங்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மாவே அவரைப் போனில் பிடித்தார். இரண்டு மருந்துகளுக்குக் கிருமி கேட்கிறது என்று தலைமை ஆய்வாளர் அப்போதுதான் சொல்லியிருந்தாராம். அவற்றில் ஒன்றைக் கர்ப்பிணிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். பிரசவ டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். போனை வைத்துவிட்டு, முன்கூட்டியே தெரிந்தது நல்லதாகப் போயிற்று என்று மட்டும் சொன்னார்.

மாலையில் குழந்தை பிறந்தது. பெண். அழுத அழுகையில் வராந்தாவே அதிர்ந்தது. தொப்புள் கொடியைக் கட்டிய கையோடு கண்ணைத் துடைத்து, கழுவி, களிம்பு போட்டார்கள். கண்ணிலிருந்து ஒரு மாதிரி எடுத்துக் குழாயில் அடைத்தார்கள். அந்தக் குழாயைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போவதைப் பெரியவள் தூரத்தில் நின்று பார்த்தாள்.

ஆய்வகத்தில் அவளை அந்த மாதிரிகளின் பக்கமே விடவில்லை. சொந்தத் தங்கையினுடையதை நீங்கள் தொடக் கூடாது என்று தலைமை ஆய்வாளர் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தார். அவள் பக்கத்து அறையில் வேறு தட்டுகளோடு போராடினாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரே தட்டில் இரண்டு முறை எண் எழுதினாள். இரண்டு நாள் கழித்து மதியம் அவர் கதவைத் திறந்தார். தாயினுடையதில் அதே கிருமி வளர்ந்திருக்கிறது, அதே பிடிவாதத்தோடு. குழந்தையினுடையதில் எதுவும் வளரவில்லை. இன்னும் ஒரு நாள் வைத்துப் பார்ப்போம் என்றார். மறுநாளும் அது சுத்தமாகவே இருந்தது. பெரியவள் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மாப்பிள்ளை கிளினிக்குக்குப் போனார். இந்த முறை கன்னத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை என்று டாக்டரம்மா ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டு, உடனே பேச்சை மாற்றினார். சரியான மருந்து கிடைத்து அவர் குணமானார். யாரிடமிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட்டார். அந்த நாட்டுக் கிளினிக்குக்குத் தகவல் போயிற்று. அங்கே ஒரு பெண் அதே ஊசியைப் போட்டும் சரியாகாமல் அலைந்துகொண்டிருந்தாளாம். ஒழுங்காகச் சிகிச்சை எடுத்திருக்க மாட்டாய் என்று திட்டி அனுப்பியிருந்தார்களாம். அவளைத் தேடிப் பிடித்தார்கள். அவள் மூலமாக இன்னும் சிலரையும். தலைமை ஆய்வாளர் எழுதி அனுப்பிய எச்சரிக்கை எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. ஊசி போட்டவர்கள் திரும்ப வருகிறார்களா என்று பல ஊர்களில் கணக்காகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

வீட்டுக் கணக்கு அப்படித் தீரவில்லை. சின்னவள் குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். என்ன நடந்தது என்று அம்மாவிடம் அவள் சொல்லவே இல்லை. அம்மாவும் ஏதோ புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று விட்டுவிட்டாள். மாப்பிள்ளை வேலை முடிந்து தினமும் வந்து வாசலில் நிற்பார். சின்னவள் குழந்தையைக் கையில் கொடுப்பாள். அதிகம் பேச மாட்டாள். அவரோடாவது ஒன்றிரண்டு வார்த்தை, பால் பவுடர், டயப்பர் என்று. பெரியவள் போனால் அதுவும் கிடையாது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். தப்புச் செய்தவனை வாசல் வரை வர விட்டு, தன்னை மட்டும் ஏன் வாசலுக்கு வெளியே நிறுத்துகிறாள் என்று பெரியவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. போவதைக் குறைத்துக்கொண்டாள்.

ஒருநாள் காலையில் போன் வந்தது. சின்னவள்தான்.

"குழந்தைக்குக் கண்ணுல பீளை தள்ளுது. காலையில கண்ணைத் திறக்கவே முடியல."

பெரியவள் போட்டிருந்த உடையோடு ஓடினாள். வழியெல்லாம் கணக்குப் போட்டாள். களிம்பு போட்டார்கள், மாதிரி சுத்தமாக இருந்தது, தாய்க்கு மருந்து கேட்டது, மறு பரிசோதனையும் சுத்தம். வர வாய்ப்பே இல்லை. வாய்ப்பே இல்லை என்றுதான் அந்த ஊசியைப் பற்றியும் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

குழந்தையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து இமையை விலக்கினாள். வீக்கம் இல்லை. வெள்ளை விழி வெள்ளையாகவே இருந்தது. ஒரு கண்ணில் மட்டும், மூக்கோரமாக, மஞ்சளாகக் கொஞ்சம் காய்ந்திருந்தது. இருந்தாலும் அவள் தன் கண்ணை நம்பவில்லை. மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணீர் போகிற பாதை இன்னும் சரியாகத் திறக்கவில்லை, பிறந்த குழந்தைகளுக்கு வழக்கமாக வருவதுதான், மூக்கோரம் மெல்ல நீவி விடுங்கள் என்றார். பெரியவள் விடாப்பிடியாக ஒரு மாதிரியும் எடுக்க வைத்தாள். அவர் சிரித்துக்கொண்டே எடுத்தார். அதிலும் ஒன்றும் வளரவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

வீடு திரும்பியதும் சின்னவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, டாக்டர் காட்டியபடி நீவினாள். பெரியவள் கிளம்பலாமா, இருக்கலாமா என்று தெரியாமல் நின்றாள்.

"ஞாயித்துக்கிழமையே ஏன் என்கிட்ட சொல்லல?"

"அவர் வாயால வரணும்னு நினைச்சேன்" என்றாள் பெரியவள். "அந்த கிளினிக்குக்கு வர்றவங்க எல்லாரும் நாங்க வாயைத் திறக்க மாட்டோம்னு நம்பித்தான் வர்றாங்க."

"நான் அங்க வரலையே. நான் உன் தங்கச்சி."

டாக்டரம்மா ஐஸ் பெட்டியைக் காட்டிச் சொன்னதைச் சொல்லிப் பார்க்கலாம். அது உண்மைதான், ஆனால் இந்த அறையில் அது எடுபடாது. இன்னொரு தடவை இதே நிலை வந்தாலும் முதலில் மாப்பிள்ளையிடம்தான் போவேன், ஆனால் ராத்திரி வரை காத்திருக்க மாட்டேன் என்று சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சின்னவள் குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். "பிடி. நான் தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா?" என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பெரியவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப் போயிற்று. வெகுநேரம் கழித்துத் தண்ணீர் நின்றது. கதவு லேசாகத் திறந்தது.

"அக்கா, துண்டை மறந்துட்டேன். எடுத்துக் குடு."

பெரியவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள்.